சண்முகநாதனின் பழைய நேரம்

இலங்கை அரசாங்கம் நாட்டுக் கடிகாரத்தை அரை மணித்தியாலம் முன்னால் தள்ளி ஏழு வருஷமாகியும் றக்வான புடவைக்கடை சண்முகநாதன் மசியவில்லை. ஊருக்குப் புது நேரம். அவர் வாட்ச்சில் மட்டும் பழைய நேரம். வேண்டுமென்றால் கூட்டிக்கொள் என்பார்.

இந்தப் பிடிவாதம் உயிரைக் காக்கும் என்று அவரே நினைத்ததில்லை. மொத்த வியாபாரி ஒருவர் நடத்திய குலுக்கலில் அவருக்கும் மனைவிக்கும் மாலைதீவுக் கப்பல் பயணம் விழுந்தது. பஜார் முழுக்கப் பெருமையடித்தாயிற்று. கடலென்றாலே வயிறு கலங்கும் என்பதைத்தான் சொல்லவில்லை. இந்திராணியோ கப்பலை நினைத்து ஒரு மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை.

கொழும்புத் துறைமுகத்தில் புது நேரம் நாலு மணிக்குக் கதவு மூடிவிடும். அதுவரை ஊர் சுற்றலாம். கப்பல் நினைப்பில் அவள் அரை மணி கூட்ட மறந்துவிடுவாள். தன் வாட்ச்சையே காட்டி அவளைத் தாமதமாகக் கூட்டிப்போவது, பழியை அரசாங்கத்தின் மேல் போடுவது. இதுதான் அவர் திட்டம்.

அவள் கண்ணில் வேறு கடிகாரம் படக்கூடாது. கோட்டை மணிக்கூண்டு வந்ததும், "கொழும்புக் காக்காயப் பாரு" என்று தரையைக் காட்டினார். அவரும் நிமிரவில்லை.

செட்டியார் தெருக் கோயிலில் நேரத்தைக் கடத்த, அங்கப்பிரதட்சிண நேர்த்தி ஒன்று திடீரென்று அவருக்கு ஞாபகம் வந்தது. சட்டையையும் வாட்ச்சையும் அவளிடம் கழற்றிக் கொடுத்துவிட்டு மூன்று சுற்று உருண்டார். எழுந்து வாட்ச்சைக் கட்டியபோது, இவ்வளவு நேரமா உருண்டோம் என்று தன் பக்தியில் தனக்கே மரியாதை வந்தது.

பிறகு காலிமுகத்திடலில் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கடலை கொறித்தார். நேரமாச்சா என்று அவள் கேட்டபோதெல்லாம் வாட்ச்சைக் காட்டினார். அதில் மூன்று முப்பத்தைந்து ஆனதும் மனசுக்குள் அரை மணியைக் கூட்டிப் பார்த்தார். நாலு ஐந்து. கப்பல் போயிருக்கும். சந்தோஷமாக ஆட்டோ பிடித்தார்.

துறைமுகக் கதவு திறந்தே கிடந்தது. இன்னும் கால் மணித்தியாலம் இருக்கிறது, அவசரப்படாதீங்க மாத்தயா என்று காவலாளி சிங்களத்தில் சொன்னான். சுவர்க் கடிகாரத்தில் மூன்றே முக்கால். வாட்ச்சிலும் மூன்றே முக்கால்.

"நீங்க உருண்டுக்கிட்டிருந்தப்ப வாட்ச்ச அரை மணி முன்னால தள்ளி வச்சேங்க," என்றாள் இந்திராணி. "ஏழு வருஷமா நினைச்சுக்கிட்டிருந்தது."

அவர் வந்த ஆட்டோவைத் திரும்பிப் பார்த்தார். "எனக்குக் கடல் ஒத்துக்காது இந்திராணி. வாந்தி வரும்."

"கோயில்ல மூணு சுத்து உருண்டும் ஒரு ஏப்பங்கூட விடல. அலை உங்கள என்ன பண்ணிரும்? ஏறுங்க."