அத்தர் ராவுத்தரின் இரண்டாவது சொட்டு

எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் வேலைக்குப் போனவர்களில் பாதிப் பேர் அத்தர் ராவுத்தர் எழுதிக் கொடுத்த மனுவால் போனவர்கள். மீதிப் பாதிப் பேர் அவர் எழுதிக் கொடுத்த மனுவையும் மீறிப் போனவர்கள். நான் எந்தப் பாதி என்று இன்று வரைக்கும் எனக்குத் தீர்மானமாகத் தெரியவில்லை.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம். கேட்கிற வாய் எனக்கு இல்லை. ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவள் நான். அந்த ஐந்து வருஷத்தில் விடை தெரிந்த கேள்விக்குக் கூட எழுந்து நின்று பதில் சொன்னதில்லை. இதையும் பேசச் சொன்னால் பேசமாட்டேன். எழுதுகிறதென்றால் எதிரே ஆள் கிடையாது. அதனால் எழுதுகிறேன்.

திண்டுக்கல் தாலுகா ஆபீசுக்கு எதிரே, ஒரு சைக்கிள் கடைச் சுவரை ஒட்டி அவர் உட்கார்ந்திருப்பார். கவிழ்த்துப் போட்ட தேயிலைப் பெட்டிதான் மேஜை. ஒரு கறுப்புக் குடை, ஒரு மைப்புட்டி, அதற்குப் பக்கத்தில் சுண்டுவிரல் உயரத்துக்கு ஒரு அத்தர் புட்டி. சாயங்காலம் காற்று திரும்பும்போது புகையிலைக் கிட்டங்கி வாசனை ஒரு பக்கமிருந்து வரும், பூக்கடை வாசனை ஒரு பக்கமிருந்து வரும், நடுவில் இவருடைய அத்தர் நிற்கும். மூன்றும் கலந்தால் தூரத்தில் இருக்கிற மலைக்கோட்டைப் பாறையே கொஞ்சம் மிதக்கிற மாதிரி தோன்றும். கடைக்குப் போகிற நான் அந்த இடத்தில் மட்டும் மெதுவாக நடப்பேன். ஏன் என்று அப்போது தெரியாது.

வேலைக்கு மனு எழுத வந்தவர்கள் பெயரும் படிப்பும் சொல்லிவிட்டு எழுந்து போக முடியாது. உட்கார வைத்துவிடுவார். காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பாய், கோபம் வந்தால் என்ன செய்வாய், கடைசியாக எப்போது அழுதாய் என்று கேட்பார். கேட்டதோடு நின்றால் பரவாயில்லை. சொன்னதையெல்லாம் மனுவில் எழுதிவிடுவார்.

பூட்டுப் பட்டறையில் காவல்காரர் வேலைக்கு எங்கள் தெருக்காரர் ஒருத்தர் மனு எழுதிக்கொள்ளப் போனார். 'மனுதாரருக்குத் தூக்கம் நன்றாக வரும். ஆனால் மிகவும் பயந்த சுபாவம். எலி ஓடினாலும் எழுந்து உட்கார்ந்து விடுவார்' என்று எழுதிக் கொடுத்தார் ராவுத்தர். பட்டறை முதலாளி அதைப் படித்துவிட்டு, தைரியசாலி என்று சொல்லிக்கொண்டு வந்த நாலு பேரும் குறட்டை விட்டதுதான் மிச்சம், பயப்படுகிறவனாவது முழித்திருப்பான் என்று அவரையே வைத்துக்கொண்டாராம்.

அதே பேனா இன்னொருத்தரைக் கவிழ்த்துவிட்டது. அவர் செம்பட்டி பஸ்ஸுக்கு டிரைவர் வேலை கேட்டவர். 'அய்யலூர்ச் சந்தைக்குப் போன ஆட்டு மந்தைக்குள் ஒரு முறை லாரியை விட்டிருக்கிறார். ஆடுகளுக்குச் சேதம் இல்லை. ஆடு ஓட்டி வந்தவர் மட்டும் மரத்தில் ஏறிக்கொண்டார்' என்று அவர் மனுவில் இருந்தது. பஸ் முதலாளி வாசலிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். டிரைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்கு வந்தார்.

"ஏன் ராவுத்தரே, அத எழுதச் சொன்னேனா நானு?"

"நீதானப்பு சொன்னே. கெக்கெக்கேன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னே. அம்புட்டு நல்லா இருந்துச்சு, விட்டுட்டு எழுத மனசு வரல."

மடித்துக் கட்டிய வேட்டியோடு டிரைவரும் சிரித்துவிட்டார். பிறகு அவர் கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டப் போனார். அந்தப் பாதையில் ஆடு குறைச்சல் என்று ராவுத்தரே நாலு பேரிடம் விசாரித்துச் சொன்னாராம்.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எழுதி முடித்ததும் அத்தர் புட்டியைத் திறப்பாரே, அதுதான் யாருக்கும் பொறுக்காது. முதலில் தன் உள்ளங்கையில் கொஞ்சம் தேய்த்துக்கொள்வார். அப்புறம் தீக்குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி, மனுவின் மூலையில் ஒரு சொட்டு வைப்பார். தபால்காரர் பையைத் திறக்காமலே உள்ளே ராவுத்தர் மனு எத்தனை என்று சொல்லிவிடுவார். ஒரு அதிகாரி கல்யாணக் கடுதாசி என்று நினைத்து முகூர்த்தத் தேதியைத் தேடினாராம். இன்னொரு அதிகாரி மனுவைச் சட்டைப்பையில் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போக, அவர் சம்சாரம் சட்டையை மோந்து பார்த்துவிட்டு இரண்டு நாள் சோறு போடவில்லையாம். வேலை கேட்கிற காகிதம் கொஞ்சம் அடக்கமாகப் போகக்கூடாதா, பார்த்த மாத்திரத்தில் மூக்கைச் சுளிக்க வைக்கலாமா என்று தாலுகா ஆபீஸ் குமாஸ்தாக்கள் எவ்வளவோ சொன்னார்கள். கேட்டுக்கொண்டே அடுத்த சொட்டை வைப்பார்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. தாய் தகப்பன் இல்லை. அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணன் எனக்கு ஒட்டன்சத்திரத்தில் ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தார். காய்கறி மண்டிக்காரர், இரண்டாம் தாரம், எங்கள் அப்பா இருந்தால் என்ன வயதோ அந்த வயது. பெண் பார்க்க வந்த அன்று அவர் என்னைப் பார்க்கவில்லை. உத்திரத்தில் உறி கட்டித் தொங்கவிட்டிருந்த பூசணிக்காயை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இது இன்னும் ஒரு மாசம் தாங்குமுங்க" என்றார். என்னைத் தட்டிப் பார்த்த மாதிரி எனக்கு உடம்பு கூசியது.

அண்ணனிடம் மல்லுக்கு நின்றது என் மதினிதான். பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா வேலை காலியாக இருக்கிறது, அது கிடைத்தால் இந்தச் சம்பந்தத்தை விட்டுவிட வேண்டும் என்றாள். அண்ணனும் சரி என்றார். "வாயத் தெறக்காதவளுக்கு எவ வேலை குடுப்பா? ஆவணி பொறக்கட்டும், தாலியக் கட்டிப்புடுவோம்" என்று கூடவே சொன்னார். ஆடி அப்போது பாதி ஓடியிருந்தது.

மதினி என்னை ராவுத்தரிடம் கூட்டிப் போனாள். அவர் கேட்க ஆரம்பித்தார். நான் கால் கட்டைவிரலைப் பார்த்தேன். மதினி பதில் சொல்ல வாயெடுத்தாள். "வேலை ஒனக்கா தாயி, அதுக்கா?" என்று கேட்டு, அவளைக் கடைக்குப் போய்விட்டு வரச் சொல்லிவிட்டார். மறுபடி கேட்டார். பதினோரு கேள்வி. என் கட்டைவிரல் அன்றைக்குப் போல என்றைக்கும் எனக்கு அழகாகத் தெரிந்ததில்லை. பக்கத்தில் ஒரு பெண் தன் மனுவுக்காகக் காத்திருந்தாள். அவள் இடுப்புப் பிள்ளை அழுதது. வாங்கி என் தோளில் போட்டுக்கொண்டேன். அது தூங்கிவிட்டது. எனக்கும் செத்த நேரம் பேச்சிலிருந்து விடுதலை.

பேச்சில்லாமல் உட்கார ராவுத்தரால் முடியாது போல.

"சரி தாயி, நீ பேச வேணாம். நான் பேசுறேன், கேட்டுக்க" என்றார்.

அவருடைய அத்தாவுக்கு, அதாவது தகப்பனாருக்கு, பேகம்பூர்ப் பக்கம் தோல் ஷாப்பில் வேலை. ஆவாரம்பட்டைத் தண்ணீரில் தோலை ஊறப்போட்டு மிதிக்கிற வேலை. இவர் எட்டாவது முடித்ததும் ஒரு ஆபீசுக்குத் தன் கையால் முதல் மனு எழுதினாராம். எழுத்து முத்து முத்தாக இருந்ததாம். கசங்காமல் இருக்க அத்தா படுக்கிற பாய்க்கு அடியில் ஒரு ராத்திரி வைத்திருந்து கொண்டு போனார். அந்த அதிகாரி மனுவை இரண்டு விரலால் பிடித்தார். மூக்குக்குப் பக்கத்தில் கூடக் கொண்டு போகவில்லை. தோல் ஷாப்பு வாடை என்று கீழே போட்டுவிட்டு, கை கழுவத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். ஒரு எழுத்துப் படிக்கவில்லை. அன்றிலிருந்து தன் கையை விட்டுப் போகிற எந்தக் காகிதத்தையும் ராவுத்தர் வெறுமனே விட்டதில்லை.

இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சொல்லிவிட்டு வலது கையை என் முன்னால் நீட்டினார்.

"பொய் சொல்லாமச் சொல்லு தாயி. இன்னும் அடிக்குதா?"

மை வாசனை வந்தது. அத்தர் வாசனை வந்தது. வேறு ஒன்றும் இல்லை. 'இல்லைங்க' என்கிற சொல் எனக்குத் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அங்கேயே உட்கார்ந்துகொண்டது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு அவர் கையை இழுத்துக்கொண்டார். துண்டில் துடைத்தார். மடமடவென்று ஏதோ எழுதினார். மூலையில் ஒரு சொட்டு வைத்தார். என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, இன்னொரு சொட்டும் வைத்தார்.

மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஏழு பேர் நின்றோம். டாக்டரம்மா என் மனுவைப் பிரித்தார். ஒரு தும்மல் போட்டார். உள்ளே பிறந்து அரைமணி ஆன பிள்ளையும் தும்மியது என்று மதினி சாகும் வரைக்கும் சத்தியம் செய்தாள். டாக்டரம்மா மனுவை இரண்டு விரலால் பிடித்து, ஜன்னல் கட்டையில் கொண்டு போய் வைத்தார்.

"பச்சப் பிள்ளைங்க மூச்சு விடுற எடம் இது. அத்தர் பூசிக்கிட்டு வர்ற பொண்ணு எனக்கு வேணாம். அடுத்தது யாரு?"

மதினி முகம் வெளுத்துவிட்டது. நான் மதினியைப் பார்க்கவில்லை. அந்த இரண்டு விரலைப் பார்த்தேன். ஒட்டன்சத்திரம் கூட எனக்கு அப்போது ஞாபகம் இல்லை.

"படிச்சுட்டு வேணாம்னு சொல்லுங்கம்மா" என்று ஒரு குரல் கேட்டது. யார் பேசினது என்று மற்றவர்களோடு சேர்ந்து நானும் திரும்பிப் பார்த்தேன்.

அப்புறம் நிற்கவில்லை. அத்தர் நான் பூசியதில்லை என்றேன். பாய்க்கு அடியில் வைத்த மனுவைச் சொன்னேன். கை கழுவத் தண்ணீர் கேட்டதைச் சொன்னேன். பிறந்ததிலிருந்து பேசாமல் சேர்த்து வைத்ததெல்லாம் அந்த வராந்தாவில் கொட்டிவிட்டது. டாக்டரம்மா தன் விரலை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். பிறகு ஜன்னல் கட்டையிலிருந்து மனுவை எடுத்து, இந்தத் தடவை இரண்டு கையாலும் பிடித்து, வாய்விட்டுப் படித்தார்.

'இந்தப் பெண் பேசாது. நான் கேட்ட பதினோரு கேள்விக்கும் பதில் இல்லை. ஆகையால் இதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பக்கத்தில் அழுத பிள்ளையை யாரும் கேட்காமலே வாங்கிக்கொண்டது. பிள்ளை தூங்கிவிட்டது. கனம் டாக்டரம்மா மேற்கொண்டு யோசித்துக்கொள்ளவும்.'

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பேசாதுன்னுல்ல எழுதியிருக்கு?" என்றார். நான் பழையபடி கட்டைவிரலுக்குப் போய்விட்டேன். "நாளைக்கு நல்லாத் தேச்சுக் குளிச்சுட்டு வா. அந்த ராவுத்தர் பக்கமே தலைவச்சுப் படுக்காம வா" என்றார்.

நான் நேரே ராவுத்தரிடம்தான் போனேன். மதினி பின்னால் மூச்சிரைக்க ஓடி வந்தாள். அவர் முன்னால் போய் நின்று, தொண்டையில் நேற்றிலிருந்து இருந்ததைச் சொன்னேன்.

"இல்லைங்க."

அவர் முகம் விழுந்துவிட்டது. ஒரு புதுக் காகிதத்தை எடுத்தார். "போகட்டும் தாயி. வேற ஆஸ்பத்திரிக்கு எழுதுவோம். ஊருல பிள்ளை பெக்குறத நிறுத்திட்டாகளா என்ன?"

"வேலை கெடச்சிருச்சுங்க. நேத்து கையை நீட்டிக் கேட்டீகள்ல, அதுக்குச் சொன்னேன். அடிக்கலைங்க. நேத்தும் அடிக்கலைங்க."

அவர் கையை மூக்குக்கிட்டே கொண்டு போனார். திருப்பிப் புறங்கையையும் மோந்தார். அப்புறம், வெயிலில் எதற்கு இப்படி ஓடி வந்தாய் என்று என்னைத் திட்டினார்.

ஆவணி முதல் தேதி மதினி அந்தப் பூசணிக்காயை இறக்கி வெட்டி வெஞ்சனம் வைத்தாள். அண்ணன் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

ராவுத்தர் அத்தரை விட்டிருப்பார் என்று நினைப்பீர்கள். அடுத்த வாரமே தபால்காரர் தும்மிக்கொண்டு போனார். மனுவுக்கு வைக்கிற சொட்டை அவர் கடைசி வரைக்கும் விடவில்லை. தன் உள்ளங்கையில் தேய்த்துக்கொள்வாரே, அதை மட்டும் விட்டுவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் நான் தினமும் பார்த்தேன்.

இப்போதும் பெருநாள் அன்று பேகம்பூர்ப் பக்கம் போனால் காற்றில் அந்த வாசனை வரும். என் நடை தானாக மெதுவாகிவிடும். அத்தனை கூட்டத்துக்கு நடுவில், யார் காதிலும் விழாமல், 'இல்லைங்க' என்று ஒரு தரம் சொல்லிவிட்டுத்தான் நடப்பேன்.