தேங்காய்க்குத் தெரிந்த ஆசை

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆழ்வார்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தின் வாசலில் ஐந்நூறு பேர் நிற்கிறார்கள் என்றால், உள்ளே முகூர்த்தம் என்று நினைப்பீர்கள். முகூர்த்தமாக இருந்தால் இத்தனை பேர் இவ்வளவு சீக்கிரம் வருவார்களா? வந்தவர்கள் எல்லாரும் தங்களுக்கு என்ன ஆசை என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வந்தவர்கள். சொல்லப்போவது ஒரு தேங்காய்.

தேங்காயின் சொந்தக்காரர் ஊற்றடிகள். காவி வேட்டி, வெள்ளைத் தாடி, காதோரம் மாட்டிய மைக். அவருடைய தத்துவத்தில் சிக்கலே கிடையாது. பூமிக்கு அடியில் தண்ணீர் ஓடுகிறது, மேலே நிற்பவனுக்குத் தெரியாது. மனசுக்கு அடியில் ஆசை ஓடுகிறது, மனசுக்காரனுக்குத் தெரியாது. கிணறு தோண்டுமுன் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பதைப்போல ஆசையோட்டமும் பார்த்துவிடலாம். ஆட்டோக்களின் முதுகிலெல்லாம் அவர் படம், கீழே கொட்டை எழுத்தில் 'உங்களுக்கு என்ன வேண்டும்? உங்களுக்குத் தெரியாது.' உனக்கு ஒன்றும் தெரியாது என்று சாதாரண ஆள் சொன்னால் இந்த ஊரில் சட்டையைப் பிடிப்பார்கள். அதையே காவி கட்டிக்கொண்டு சொன்னால் டோக்கன் வாங்குகிறார்கள்.

மேடையில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனரைத் தரையோடு விரித்திருந்தார்கள். அதில் பன்னிரண்டு கட்டம், பன்னிரண்டு படம். வீடு, கார், நகை, கல்யாண மாலை, தொட்டில், விமானம், அரசாங்க நாற்காலி என்று போய்க் கடைசியில் மேகத்துக்கு நடுவே ஒரு கதவு, அதுதான் மோட்சம். மனிதனுக்கு ஆசை பன்னிரண்டே பன்னிரண்டு என்பது அடிகள் வாக்கு. ஃப்ளெக்ஸில் இடமும் அவ்வளவுதான். யாருடைய ஆசையைப் பார்க்க வேண்டுமோ அவர் உடுத்திய துணி ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, உள்ளங்கையில் குடுமித் தேங்காயைப் படுக்கவைத்து, அடிகள் கட்டம் கட்டமாக நடப்பார். உரிய கட்டம் வந்ததும் படுத்த தேங்காய் எழுந்து நிற்கும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். ஆள் நேரில் வர வேண்டாம், துணி வந்தால் போதும்.

இந்தக் கடைசிச் சலுகைதான் மயிலாப்பூர் சுப்பராமனை வரிசையில் கொண்டுவந்து நிறுத்தியது.

சுப்பராமன் நல்ல மனிதர். முப்பத்தாறு வருஷம் சர்க்கார் ஆபீசில் 'மேலிட முடிவுக்குப் பணிந்து அனுப்பப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஓய்வு பெற்றவர். சொந்தமாக ஓர் ஆசைப்பட்டதாக அவர்மேல் எந்தப் புகாரும் இல்லை. ஓட்டலுக்குப் போனால்கூட, இன்றைக்கு எது நன்றாயிருக்கிறது என்று சர்வரைக் கேட்டு, அவர் சொன்னதைச் சாப்பிட்டுவிட்டு வருவார். அப்படிப்பட்டவருக்கு, தனக்கு என்ன வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்த ஒரு பெண் பிறந்துவிட்டாள். விதி என்றுதான் அவர் சொல்லிக்கொண்டார்.

மஹதிக்கு இருபத்தேழு வயது. பெருங்குடியில் கம்ப்யூட்டர் வேலை. மூன்று மாதத்துக்கு முன் ஒரு நாள், காபி ஆறுவதற்குள், பஸ் ஓட்டப் போகிறேன் என்றாள். கனரக வாகன லைசென்ஸ் எடுத்தாயிற்று, மாநகர பஸ்ஸுக்கு மனுப் போட்டாயிற்று, கூப்பிட்டால் போகவேண்டியதுதான் என்றாள். சுப்பராமனும் அவர் மனைவி விசாலாக்ஷியும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வீடு, நகை என்றால் ஆசை. பஸ் என்பது ஆசையாக இருக்க முடியுமா? ஏதோ மனக்கிலேசம் என்று முடிவு கட்டினார்கள். அந்தச் சமயத்தில் அமெரிக்காவிலிருந்து சுஹாஸ் என்று ஒரு வரன் வேறு வந்து கதவைத் தட்டியது. பையன் வீட்டார் பதிலுக்கு அவசரப்படுத்தினார்கள். பெண்ணுக்கு நிஜமாகவே என்னதான் வேண்டும் என்று தெரிந்துகொள்ள இருவரும் துடித்தார்கள். பெண்ணைக் கேட்கலாமே என்று மட்டும் தோன்றவில்லை.

மண்டப வாசலில் டோக்கன் கொடுத்த பெண் தேனாகப் பேசினாள். பெண்ணுக்கு என்ன வயது, வரன் ஏதும் வந்திருக்கிறதா, எந்த ஊர் என்று விசாரித்தாள். விசாலாக்ஷி ஒன்று விடாமல் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டு வாசலில் பனி அள்ள மண்வெட்டி இருப்பதைக்கூட விடவில்லை. அந்தப் பெண் எல்லாவற்றையும் சீட்டில் எழுதிக்கொண்டாள். தேங்காய்க்குப் படிக்கத் தெரியாது என்பதால் சீட்டு அடிகளிடம் போயிற்று.

அரை மணி கழித்துத் தேங்காய் முதலில் மாலைக் கட்டத்தில் எழுந்து நின்றது, பிறகு விமானத்தில். சுப்பராமனுக்குக் கண்ணில் ஜலம் வந்துவிட்டது. மண்டபத்திலிருந்தே பையன் வீட்டாருக்குப் போன் போட்டு, பெண்ணுக்கு உள்ளுக்குள் பூரண சம்மதம் என்று சொல்லி, பத்து நாள் தள்ளி ஒரு புதன்கிழமை நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தார்.

வீட்டுக்கு வந்து மஹதியிடம் அவளுடைய ஆசையைத் தெரிவித்தார்கள்.

"அப்பா, எனக்கு என்ன வேணும்னு மூணு மாசமா நான் வாய்விட்டுச் சொல்லிண்டிருக்கேன்."

"அது மேல்மனசும்மா. அடிமனசுல கல்யாணம், அமெரிக்கா. தேங்காய் எழுந்து நின்னுடுத்தே."

நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்ததைக் கேட்டதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. என் வாழ்க்கையை ஒரு சட்னிச் சாமானிடம் கொடுத்துவிட்டு வந்தீர்களா என்று கேட்டாள். பிறகு, எந்தத் துணியைக் கொண்டுபோனீர்கள் என்றாள்.

"அந்த மயில்நீலத் துப்பட்டா. உடுத்தின துணிதான் கேட்டா. ஆனா விழுப்புத் துணியக் கொண்டுபோய் ஒரு பெரியவர் தோள்ல போடறதாவது? நேக்கு மனசு ஒப்பலை. நீ இன்னும் போட்டுக்காத புதுசா ஒண்ணு எடுத்துண்டு போனேன்" என்றாள் விசாலாக்ஷி. ஒருவர் உடுத்திக் கழற்றியதைத் துவைக்காமல் தொட்டால் தீட்டு என்பது அந்த வீட்டுச் சட்டம். ஆசைகூட அந்த வீட்டில் தீட்டுப் படாமல் மடியாகத்தான் வெளியே போகும்.

"தி.நகர்ல கடைசிப் பீஸுன்னு பொம்மை மேலேர்ந்து கழட்டிக் குடுத்தாளே, அதா?"

"அதேதான்."

மஹதி சிரிக்க ஆரம்பித்தாள். குக்கர் மூன்று விசில் அடித்து ஓய்ந்த பிறகும் அவள் சிரிப்பு ஓயவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த ஞாயிறு நானும் வருகிறேன், தேங்காய் இன்னொரு தடவை சரியாகச் சொல்லிவிட்டால் புதன்கிழமை தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்றாள். பெண்ணின் அடிமனசு மேலே வந்துவிட்டது என்று சுப்பராமன் பூரித்துப்போனார்.

அடுத்த ஞாயிறு மண்டபத்தில் கூட்டம் இன்னும் அதிகம். தி.நகரிலிருந்து ஒருத்தியை அழைத்து வரவேண்டும் என்று மஹதி காலையிலேயே கிளம்பிப்போய், பத்து மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கினாள். கையில் அதே மயில்நீலத் துப்பட்டா. மேடையேறி அதை அடிகளிடம் நீட்டினாள். இதற்குச் சொந்தக்காரி அன்புக்கரசி, வெளியே ஆட்டோவில் இருக்கிறாள், கேட்டால் வாயே திறப்பதில்லை, போன வாரம் இதே துணிக்குக் கல்யாணம், வெளிநாடு என்று வந்தது, இன்னொரு தடவை பாருங்கள் என்றாள். துப்பட்டாக்காரி என் பெண், இதோ நிற்கிறாளே என்று சொல்ல சுப்பராமன் எழுந்தார். விசாலாக்ஷி அவர் வேட்டியைப் பிடித்து உட்காரவைத்தாள். அவளுக்கு ஏதோ புரிய ஆரம்பித்திருந்தது.

அடிகள் துப்பட்டாவைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். மாலையில் தேங்காய் நின்றது. விமானத்தில் நின்றது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அடிகளுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

"பாவம், இந்தப் பொண்ணுக்கு ராத்திரியில தூக்கம் கிடையாது. நெஞ்சு கல்யாணத்தைக் கேக்குது, தலை தடுக்குது. தலைக்குள்ள ஆயிரம் யோசனை. ஓயாத தலைபாரம்."

"தலையைப் பத்தி நேக்குச் சரியாத் தெரியலை. வரச் சொல்றேன், நீங்களே பாருங்கோ" என்றாள் மஹதி.

ஆட்டோக்காரர் துரைராஜ் நொச்சிக்குப்பத்துக்காரர். தோளில் அன்புக்கரசியைச் சுமந்துகொண்டு நடுப்பாதையில் வந்து, மேடையில் நிமிர்த்தி நிறுத்தினார். ஜவுளிக்கடைப் பொம்மை. இடுப்பில் ஒரு கை ஒய்யாரமாக இருந்தது. கழுத்து வரைக்கும் எல்லாம் இருந்தது. கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை.

"இன்னா சாமி, தலபாரம்ன்ற. இதுக்குத் தலயே இல்லயே. நானும் வழி பூரா தேடிக்கினுதான் வந்தேன்" என்றார் துரைராஜ்.

மண்டபம் சிரித்தது. கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் நம் ஜனங்களை அவ்வளவு லேசாக எடைபோட்டுவிடக் கூடாது. முதல் வரிசையில் ஜிப்பா போட்ட ஒருவர் எழுந்து, ஜடப்பொருளின் ஆசையையே படிக்கிறாரே, இது யாருக்கு வரும் என்று தழுதழுத்துக் கைகூப்பினார். பாதி மண்டபம் மறுபடி கன்னத்தில் போட்டுக்கொண்டது. அடிகள் அதை லபக்கென்று பிடித்துக்கொண்டு, கல்லுக்கும் ஆசை உண்டு, பொம்மைக்கும் உண்டு என்றார். அடிக்கடி நின்றுபோகும் வாஷிங் மெஷினின் உறையை அடுத்த வாரம் கொண்டுவரலாமா என்று ஓர் அம்மாள் பின்வரிசையிலிருந்து கேட்டாள்.

மஹதி அசரவில்லை.

"சரி, பொம்மைக்கு ஆசை இருக்கு, தேங்காய்க்கு அது தெரியறது, ஒத்துக்கறேன். இந்த ஃப்ளெக்ஸை மட்டும் குப்புறப் போட்டு, எந்தப் படம் எங்கேன்னு தெரியாம ஒரு சுத்து சுத்திடலாம். படத்தைப் பார்க்கறது தேங்காய்தானே, நீங்க இல்லையே? மூணு தடவை நடங்கோ. மூணு தடவையும் மாலையிலயும் விமானத்துலயும் நின்னுட்டா, புதன்கிழமை நான் வாய் பேசாம மணையில உட்கார்றேன்."

அடிகள் தாடியை உருவினார். செய்யலாம்தான், ஆனால் ராகுகாலம் பிறந்துவிட்டது, சக்தி இறங்காது என்று வருத்தத்தோடு சொன்னார்.

மயிலாப்பூர்க்காரரின் முன்னால் சொல்லக்கூடாத பொய் அது. தினமும் காபிக்கு முன்னால் பஞ்சாங்கம் பார்க்கிறவர் சுப்பராமன். அவர் எழுந்தார். இந்தத் தடவை விசாலாக்ஷி வேட்டியைப் பிடிக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை ராகுகாலம் சாயங்காலம் நாலரைக்குன்னா? இப்ப மணி பத்தே கால்." ஃப்ளெக்ஸைக் கையால் காட்டினார். "அதைத் திருப்பிப் போடுங்கோ. நேக்குப் பார்க்கணும்."

அறுபத்துமூன்று வயதில் அவர் வாயிலிருந்து வந்த முதல் சொந்த ஆசை அது. எந்தத் தேங்காயும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கூட்டத்துக்கும் அந்த ஆசை தொற்றிக்கொண்டது. அடிகளைச் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, நாலு பேர் ஃப்ளெக்ஸைக் குப்புறப் போட்டுச் சுற்றினார்கள். அடிகள் நடந்தார். வெள்ளைப் பரப்பில் ஓரிடத்தில் தேங்காய் நின்றது. மூலையைத் தூக்கிப் பார்த்தால் தொட்டில். மறுபடி சுற்றினார்கள், மறுபடி நடந்தார். அரசாங்க நாற்காலி. மூன்றாவது தடவை மோட்சம். ஆக, தலையில்லாத அந்தப் பெண் ஒரு பிள்ளையைப் பெற்று, சர்க்கார் உத்தியோகம் பார்த்து, அப்படியே மோட்சத்துக்குப் போக ஆசைப்படுகிறாள். அமெரிக்காவைச் சுத்தமாக மறந்துவிட்டாள். ஜிப்பாக்காரர் கூப்பிய கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பையில் விட்டுக்கொண்டார்.

அதற்குள் விசாலாக்ஷி மேடையேறி அடிகள் கையிலிருந்த தேங்காயை வாங்கினாள். உள்ளங்கையில் படுக்கவைத்தாள். அது சமர்த்தாக எழுந்து நின்றது.

"நாப்பது வருஷமா தேங்காய் உடைக்கறவ நான். கையைச் சித்தே சாய்ச்சு, சுண்டுவிரலால ஒரு நெம்பு நெம்பணும். அவ்வளவுதான். இதுக்கா இத்தனை தாடி?"

துரைராஜ் அடிகளின் முகத்துக்குக் கிட்டே போய் உற்றுப் பார்த்தார்.

"நைனா, நீ பொன்ராஜுதானே? எங்க மச்சான் வூட்டாண்ட போர் போட தேங்கா வெச்சுப் பாத்தியே. முந்நூறு அடி தோண்டி மண்ணுதான் வந்துச்சு. தாடி வெச்சா தெரியாதுன்னு நெனச்சுக்கினியா?"

பூமியைத் தோண்டினால் தண்ணீர் இல்லாதது ஒரு நாள் தெரிந்துவிடும். மனசைத் தோண்டி யார் பார்க்கப்போகிறார்கள் என்றுதான் பொன்ராஜ் தொழிலை மாற்றியிருந்தார். இப்போது அவர் சமையற்கட்டு வழியாக ஓடினார். ஓடினவர் காதோரம் மைக் இருப்பதை மறந்துவிட்டார். அவர் மூச்சிரைப்பதும், பாத்திரம் உருளுவதும், "வண்டிய எடுரா, எடுரா" என்று கத்துவதும் மண்டபம் முழுக்க ஸ்பீக்கரில் கணீரென்று கேட்டது. அவருடைய அடிமனசு ஆசை மட்டும் அன்றைக்கு எல்லாருக்கும் தெளிவாகப் புரிந்தது.

பொம்மையைக் கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்ததால் ஆட்டோவில் நெருக்கம். சுப்பராமன் அன்புக்கரசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பையன் வீட்டாருக்குப் போன் செய்து, தப்பு என் பேரில்தான், பெண்ணைக் கேட்காமல் சொல்லிவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டார். அவருக்கு வெட்கமாக இருந்தது. மூன்று மாதமாக ஒரே வீட்டில் இருந்துகொண்டு பெண் சொன்னதைக் கேட்காமல், டோக்கன் வாங்கிப் போய்க் கேட்டிருக்கிறார். பனகல் பார்க் சிக்னலில் வண்டி நின்றபோது மெல்ல வாயைத் திறந்தார்.

"ஏம்மா, எந்த ரூட்டு பஸ்?"

"29சி கிடைச்சா நம்மாத்துப் பக்கமே வரும்ப்பா."

அவர் தலையை ஆட்டினார். ஜன்னல் சீட் எனக்கு வேண்டும் என்றார். இரண்டாவது ஆசை. மனுஷன் வேகம் பிடித்துவிட்டார்.

கடைசியில் ஒன்று சொல்லியாக வேண்டும். அன்புக்கரசி தன் ஆசையைத் தேங்காயிடம் கேட்டதில் தப்பே கிடையாது. அவளுக்குக் கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை. கழுத்துக்கு மேலே ஒன்றை வைத்துக்கொண்டு, அதற்கு எண்ணெய் தடவிச் சீவிப் பூவும் வைத்துக்கொண்டு, வரிசையில் போய் நின்ற ஐந்நூறு பேரும் அதை எதற்காக வளர்க்கிறார்கள்?