உளவுக் கிழங்கு

"பலத்த அடி!" என்று அலறியது போன்.

"நிறுத்துங்க!" என்று அதைவிடப் பலமாக அலறிவிட்டு, அறுவடை மிஷினின் பின்படியிலிருந்து தொப்பென்று குதித்தாள் சென்சாரம்மா.

"பலத்த அடி!" என்றது போன் மறுபடியும்.

ஈரம் பார்க்க ஒன்று, இலை பார்க்க ஒன்று என்று வயல் முழுக்க சென்சார் கருவிகளை நட்டுவைத்தவளுக்கு வீட்டார் வைத்த பெயர் அது. இன்றைய புது வரவு, உளவுக் கிழங்கு. ரப்பர் தோல் போர்த்திய கருவி. பார்வைக்கு அசல் உருளைக்கிழங்கு. கிழங்கோடு கிழங்காக பெல்ட்டில் பயணம் போய், எங்கே அடிபடுகிறது என்று போனுக்குக் கோள் சொல்லும். அடிபட்ட கிழங்கு உள்ளே கறுக்கும். கறுத்ததை சிப்ஸ் கம்பெனி தொடாது. இந்த வருஷ விளைச்சல் மொத்தமும் அந்தக் கம்பெனியை நம்பித்தான். ரிப்போர்ட்டோ நேரே அவர்களுக்கும் போய்க்கொண்டிருந்தது. காலையில் கையுறையைக்கூடக் கழற்றாமல் கோட்டுப் பையில் கைவிட்டு, கிழங்கை எடுத்து பெல்ட்டில் போட்டதும் அவளேதான்.

"ஏங்க, கிழங்கு ஏத்துறீங்களா, பந்து விளையாடுறீங்களா? மெதுவா ஓட்டுங்க!"

"இதுக்கு மேல மெதுவான்னா பின்னாடிதான் போகணும்," என்றார் டிராக்டரிலிருந்த கணவர். "பசியில கத்துற. நான் அவிச்சுப் பையில போட்டுவிட்ட கிழங்கைத் தின்னு முதல்ல."

"வேலை முடியட்டும்!"

டிரெய்லரில் நின்று கல் பொறுக்கும் அக்காவிடம் திரும்பினாள். "உளவுக் கிழங்கு வந்துச்சா அக்கா?"

"எல்லாமே கிழங்காத்தான் வருது. எது உளவு, எது உறவுன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"தொட்டா மெத்துனு இருக்கும்க்கா."

"அப்படி ஒண்ணும் வரலையே."

"அப்ப உள்ளயே மாட்டிக்கிட்டு அடி வாங்குது! ஏங்க, மெல்ல ஓட்டிக்கிட்டே இருங்க, தலையணை எடுத்துட்டு வரேன்!"

ஓடினாள். அடி, அடி என்று வழியெல்லாம் புலம்பியது போன்.

"பாவம், நான் இல்லாத நேரத்துல என்ன பாடு படுத்துறாரோ!"

கிழங்கு விழும் இடத்தில் வைத்த தலையணைகள் பெல்ட்டில் சிக்கிப் பஞ்சாய்ப் பறந்தன.

"இனி கல்லுலதான் தலை வைக்கணும்," என்றார் கணவர்.

"இறங்குங்க. நான் ஓட்டுறேன்."

ஓட்டினாள். மேடு பள்ளம் ஒன்று விடவில்லை. போன் மூச்சு விடாமல் கத்தியது.

"இப்ப யாரு ஓட்டுறதாம்?" என்றார் கணவர்.

"சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான். போதுமா?"

கம்பெனிக்காரர் கூப்பிட்டார். "மேடம், ரிப்போர்ட் பார்த்தோம். அது கிழங்கு மிஷினா, மாவு மிஷினா? லாரியைத் திருப்பச் சொல்லிட்டேன்."

இன்ஜினை அணைத்தாள். இறங்கி நாலடி நடந்து, கிழங்கு மூட்டைமேல் பொத்தென்று சாய்ந்தாள்.

"மிகப் பலத்த அடி!" என்றது போன்.

"வண்டியே ஓடலையே!" என்றார் கணவர். "இப்ப யாரு அடிச்சா?"

அவள் பதில் சொல்லுமுன் டிரெய்லரிலிருந்து அக்கா ஒரு கிழங்கை உயர்த்திக் காட்டினாள்.

"கிடைச்சிடுச்சும்மா உங்க உளவு! மெத்துனு இருக்கு, தோல்கூட உரியலை. ஆமா, இதைப் போய் யாரு வேகவெச்சது?"