மூலப்பத்திரம் படித்துக் காட்டிய வரி

செஞ்சிக் கோட்டையைக் கட்டியது யார் என்று சரித்திரக்காரர்கள் இன்னும் நூறு வருஷம் அடித்துக்கொள்ளட்டும். அந்தக் கோட்டையைச் சுற்றியிருக்கும் ஒவ்வொரு கையகல நிலத்துக்கும் அப்பன் யார், பாட்டன் யார், சண்டைக்கு வந்த பங்காளி யார் என்று மூச்சுவிடாமல் சொல்லக்கூடிய ஒரே மனிதர் மூலப்பத்திரம்தான். இது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. பத்திரம் எழுதுவது அவர் தொழில். வந்தவர் உட்காருவதற்குள் "மூலப்பத்திரம் இருக்குதா?" என்று கேட்பார். அதுவே பெயராகிவிட்டது. போஸ்ட்மேன்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் அவருக்குக் கடிதம் கொடுப்பார்.

ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் நான் பதினோரு வருஷம் டைப் அடித்தேன். கடையை ஒட்டின ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் அவர் காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் ஆபீஸ் பூட்டுகிற வரை எழுந்திருக்க மாட்டார். வாயில் வெற்றிலை, காதில் பேனா. உலகத்தில் உள்ள எதையுமே முந்தைய பத்திரம் இல்லாமல் நம்பக் கூடாது என்பது அவர் கொள்கை.

அவருடைய பெண்ணுக்கு அவலூர்பேட்டையிலிருந்து ஒரு வரன் வந்தது. தரகர் ஜாதகத்தை நீட்டினார். இவர் அதைத் தொடவே இல்லை.

"ஜாதகம் கெடக்கட்டும்யா. மாப்ளைக்கு முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் பாக்கணும்."

"மாப்ளைக்கே இருபத்தெட்டு வயசுதாங்க ஆவுது!"

"அப்போ மீதி ரெண்டு வருஷத்துக்கு அவங்க நைனாவ விசாரி."

தரகர் அன்றைக்குப் போனவர்தான். ஆனால் இவர் விடாமல் விசாரித்து, அதே மாப்பிள்ளையைத் தானே போய்ப் பேசி முடித்தார். அந்தப் பெண் இன்றைக்கு நன்றாக இருக்கிறாள்.

அமாவாசைக்கு மேல்மலையனூர் போகும் ஸ்பெஷல் பஸ்ஸில் ஒரு முறை அவரோடு போய் மாட்டிக்கொண்டேன். ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்தவருக்கும், படி வழியாக ஏறி அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டவருக்கும் சண்டை. மூலப்பத்திரம் நடுவே புகுந்தார். இதற்கு முன்னால் அந்த சீட்டில் இருந்தவர் யார், அவர் யாரைப் பார்த்துவிட்டு எழுந்தார், துண்டு முதலில் விழுந்ததா ஆள் முதலில் உட்கார்ந்தாரா என்று சாட்சி விசாரணை ஆரம்பித்தது. தீர்ப்பு வருவதற்குள் பஸ் அங்காளம்மன் கோயில் பக்கம் போய் நின்றுவிட்டது. சண்டை போட்ட இருவரும் நின்றுகொண்டே வந்திருந்தார்கள். அந்த சீட்டில் விசாரணை அதிகாரிதான் உட்கார்ந்திருந்தார்.

கோட்டைக்கு வந்த காலேஜ் பிள்ளைகளிடம் அவர் பேசியதை நானே கேட்டிருக்கிறேன். கோனார்கள், நாயக்கர்கள், பீஜப்பூர்க்காரர்கள், மராட்டியர்கள், மொகலாயர்கள், பிரெஞ்சுக்காரர்கள், வெள்ளைக்காரர்கள் என்று கைடு வரிசையாகச் சொல்லி முடித்தார். இவர் கோட்டை நிற்கும் ராஜகிரி மலையை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இம்மாம் பெரிய சொத்து. ஒருத்தன் கையிலயும் முறையான கிரயப் பத்திரம் இல்ல. அத்தினி பேரும் ஆக்கிரமிப்பு" என்றார். கைடு அதற்குப் பிறகு இவரைப் பார்த்தால் வேறு பக்கம் போய்விடுவார்.

என்னோடு அவர் போட்ட சண்டைதான் பெரிய சண்டை. வல்லம் பக்கத்திலிருந்து சேகர் என்ற விவசாயி தன் மகனுக்கு நிலம் எழுதிவைக்க வந்தார். பத்திரம் எழுதுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பழைய பத்திரத்தில் நான்கு எல்லை எப்படி எழுதியிருக்கிறதோ, அதை எழுத்து மாறாமல் புதிய பத்திரத்தில் இறக்கிவிடுவார்கள். எல்லையில் நின்ற புளியமரம் விழுந்து ஐம்பது வருஷம் ஆகியிருந்தாலும் பத்திரத்தில் அது காய்த்துக்கொண்டிருக்கும். சேகருடைய பத்திரத்தில் கிழக்கு எல்லை இப்படி இருந்தது: "அக்கரைக்குப் போயிருக்கும் என் தம்பி மாரிமுத்து பாகத்துக்கு மேற்கு."

நான் சேகரைக் கேட்டேன். "உங்க தம்பி எந்த ஊர்லங்க இருக்காரு?"

"எனக்கு ஏதும்மா தம்பி? நாலும் அக்காங்க."

அவருடைய தாத்தா ஏழுமலை எழுதின பத்திரத்தில் இருந்த தம்பி அது. அப்பா காலத்திலும் அப்படியே வந்து, இப்போது பேரன் பத்திரத்திலும் வந்து உட்கார்ந்திருந்தது. நான் புத்திசாலித்தனமாக அந்த வரியை எடுத்துவிட்டு, "கிழக்கே தரிசு நிலம்" என்று அடித்தேன். அன்றைக்கு மூலப்பத்திரம் குதித்த குதியில் கூரை பெயர்ந்து வராதது ஆச்சரியம்.

"எவன் எழுதனதுன்னு அழிச்ச? அந்தாளு பாகத்த எவனும் விக்கல, எவனும் எழுதி வாங்கல. மூணு தலமுறையா அப்டியே விட்டுவெச்சிருக்காங்க. நீ ஒரு பட்டன அமுக்கி ஆளையே இல்லாம பண்ணிடுவியா?"

"இல்லாத தம்பிய இருக்கான்னு எழுதறது பொய் இல்லியாண்ணே?"

"பத்திரத்துல இருக்கறது பொய் ஆவாது. திருப்பி அடி."

நாலு பக்கத்தையும் மறுபடி அடித்தேன். நாலு நாள் அவரோடு பேசவில்லை. மனுஷனா இவர் என்று கரித்துக்கொட்டினேன்.

அதற்கு அடுத்த வருஷம் மலேசியாவிலிருந்து தனபாலன் என்பவர் வந்தார். ஈப்போவில் வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். மடிப்புக் கலையாத அரைக்கைச் சட்டை, நெஞ்சோடு அணைத்த ஒரு ஃபைல். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர், பழைய குடும்பங்களைப் பற்றி யாரிடம் கேட்கலாம் என்றார். நான் கையைக் காட்டின இடம் உங்களுக்குத் தெரியும்.

"உக்காருங்க சார். மூலப்பத்திரம் இருக்குதா?"

தனபாலன் பத்திரம் தேடி வரவில்லை. அவருடைய தாத்தா செஞ்சிப் பக்கத்துக்காரர். கிணற்றில் யார் எப்போது தண்ணீர் இறைப்பது என்ற முறைக்காக நடந்த சண்டையில், மண்வெட்டியால் சொந்த அண்ணனை அடித்துக் கொன்றுவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக ஓடி, கப்பல் ஏறி ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். இதைச் சாகும்போதுதான் சொல்லியிருக்கிறார். போலீசுக்குப் பயந்து கப்பலில் கோவிந்தசாமி என்று பொய்ப்பெயர் கொடுத்தார். தகப்பன் பெயரையும் பொய்யாக ராமன் என்று சொன்னார். உண்மைப் பெயரைச் சொல்வதற்குள் நாக்கு இழுத்துவிட்டது.

"எங்கப்பா சுப்ரமணியத்துக்குத் தொண்ணூத்தியொரு வயசு ஐயா. தன்னைப் பெத்தவரோட பேரு தெரியாது. கொலகாரன் மகன்னு நெனச்சே வாழ்ந்துட்டாரு. சாகறதுக்குள்ள அந்த அண்ணன் குடும்பத்தக் கண்டுபிடிச்சு, கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டுட்டு வான்னு அனுப்பிட்டாரு. ரெண்டு தடவ ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துட்டாரு. டைம் இல்ல ஐயா."

மூலப்பத்திரம் ஃபைலை வாங்கிப் புரட்டினார். லண்டனில் இருக்கும் தனபாலனின் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயர் தனபாலன். இவருக்கு சுப்ரமணியம். இவர் அப்பாவுக்கு கோவிந்தசாமி. தாத்தாவுக்கு ராமன். நாலு தலைமுறை, நாலு குடும்பப் பெயர். லண்டனில் ஏதோ வம்சாவளிக் கம்பெனிக்காரர்கள், இவர்கள் நான்கு வெவ்வேறு குடும்பம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்களாம்.

"நைனா பேர முன்னாடி போடறது நம்ம வழக்கம். அது அவனுக்கு எப்டி சார் புரியும்?" என்று ஒரு தாளில் கீழிருந்து மேலே பெயர்களை எழுதிக்கொண்டே போனார். கோவிந்தசாமிக்கு மேலே வந்ததும் ஒரு கோடு கிழித்தார். "இங்க அறுந்து போச்சு. தாத்தா வேற இன்னா சொன்னாரு?"

"கெணத்து மேட்டுல நின்னா ராஜகிரி தெரியும்னு சொல்வாராம்."

"செஞ்சியில எந்தக் கெணத்து மேட்டுல நின்னாலும் தெரியும் சார். வேற?"

"கெணத்துக்குள்ள யானை படுத்த மாதிரி ஒரு பாறை இருக்குமாம். சின்ன வயசுல அது மேலேருந்து அண்ணனும் தம்பியும் குதிப்பாங்களாம்."

மூலப்பத்திரம் வெற்றிலை மெல்வதை நிறுத்தினார். அதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, ஆனைப்பாறைக் கெணத்துல பாதி பாகம் முறைத்தண்ணீர். நீ அடிச்சதுதான். ஞாபகம் வருதா?"

வந்தது. சேகருடைய பத்திரம். நான் அழித்த தம்பி.

தனபாலன் எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தார். மூலப்பத்திரமோ ஒரு மனுத்தாளை இழுத்து வைத்துக்கொண்டார். "நகல் வரட்டும் சார். தாள் கையில இல்லாம நான் ஒண்ணுஞ் சொல்றதில்ல." ஏழுமலை எழுதின முதல் பத்திரத்தின் நகலுக்கு மனுப் போட்டுவிட்டு, வெற்றிலையைத் திரும்ப மெல்ல ஆரம்பித்துவிட்டார். நாலு நாள் அந்த வாத்தியார் லாட்ஜுக்கும் எங்கள் கடைக்கும் நடந்தார். ஒரு பெயரையாவது சொல்லுங்கள் என்று நானே கெஞ்சினேன். ம்ஹூம். கல்லுப் பிள்ளையார் மாதிரி இருந்தார்.

ஐந்தாம் நாள் நகல் வந்தது. மூலப்பத்திரம் அதை, தனபாலனின் ஃபைலில் இருந்த தாத்தாவின் கப்பல் பயணக் காகிதத்தின் பக்கத்தில் வைத்தார். பேனாவைக் காதிலிருந்து எடுத்து, இரண்டிலும் வருஷத்தைத் தொட்டுக் காட்டினார். பத்திரம், கப்பல் போனதற்குப் பன்னிரண்டு வருஷம் கழித்து எழுதப்பட்டது.

"எழுதிக் குடுத்தவரு வீராசாமி மகன் ஏழுமலை. நேர்ல ஆபீசுக்கு வந்து, இடது பெருவிரல் ரேகை வெச்சிருக்காரு. செத்தவன் ரேகை வெக்க மாட்டான் சார். உங்க தாத்தா மாரிமுத்து எவனையும் கொல்லல."

தனபாலன் சத்தம் போட்டு அழவில்லை. சட்டைப் பையைத் தடவிக் கண்ணாடியைத் தேடினார். அது மூக்கின் மேல்தான் இருந்தது. அடித்தோம் என்று நினைத்து ஒருவர் ஓடியிருக்கிறார். அடிபட்டவர் எழுந்து உட்கார்ந்து, தம்பியின் பாகத்தைத் தொடாமல் எல்லை போட்டு வைத்திருக்கிறார். இல்லாத ஒரு கொலைக்கு மூன்று தலைமுறை தண்டனை அனுபவித்திருக்கிறது. அதை ஒரு எல்லை வரி இத்தனை வருஷம் சுமந்து வந்திருக்கிறது. அந்த வரியைத்தான் நான் தேவையில்லை என்று அழித்தேன். இவர் மட்டும் அன்றைக்குக் குதிக்காமல் இருந்திருந்தால் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

மறுநாள் மூன்று பேரும் ஆட்டோவில் சேகருடைய ஊருக்குப் போனோம். மலேசியாவிலிருந்து மாரிமுத்து பேரன் வந்திருக்கிறார் என்றதும் சேகருக்கு முகம் வெளுத்தது. அவர் மனைவி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"பாகங் கேட்டு வந்துக்கிறாங்களாண்ணே? எங்களுக்கு டென்ஷனா இருக்குது."

"மன்னிப்புக் கேக்க வந்துக்கிறாரு. மொதல்ல தண்ணி குடு."

தனபாலன் குனிந்து காலைத் தொடப் போனார். சேகர் பதறிப்போய், "அண்ணே, இன்னா இது" என்று அவரைக் கட்டிக்கொண்டார். வயதில் மூத்தவர், முறைக்கும் அண்ணன்தான். உள்ளே சாத்தின கதவு திறந்தது. காபி வந்தது.

கிணற்று மேட்டுக்குப் போனோம். யானைப் பாறை அப்படியே படுத்திருந்தது. கிழக்கே வேர்க்கடலைக் கொல்லைக்கு அந்தப் பக்கம், உழாமல் கிடந்த மாரிமுத்து பாகம். அங்கே நின்று தனபாலன் ஈப்போவுக்கு வீடியோ கால் போட்டார். கட்டிலில் சாய்ந்திருந்த பெரியவர் திரையில் தெரிந்தார். மகன் எல்லாவற்றையும் சொன்னார்.

"எங்கப்பா பேரு மாரிமுத்துவா?"

"ஆமாம்ப்பா."

"மாரிமுத்து... மாரிமுத்து..." என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். அப்புறம் கேட்டார். "அவரு அண்ணன் அவர மன்னிச்சாரா? அத மட்டும் கேட்டுச் சொல்லு தம்பி."

எல்லோரும் சேகரைப் பார்த்தோம். சேகர் தலையைச் சொறிந்தார். "தாத்தா நெத்தியில தழும்பு இருந்துச்சு, நான் சின்னப் பையனா பாத்துக்கிறேன். ஆனா அந்தப் பேச்ச எடுத்தாலே எழுந்து போயிடுவாரு. இன்னா நெனச்சாருன்னு யாருக்குத் தெரியும்?"

பெரியவருக்கு அது கேட்டுவிட்டது. முகம் வாடிப்போனது. அப்போது மூலப்பத்திரம் போனைக் கையில் வாங்கினார். மடியிலிருந்து நகலை எடுத்து விரித்தார்.

"ஐயா, பத்திரத்துலயே இருக்குதுங்க. படிக்கறேன், கேட்டுக்குங்க." தொண்டையைச் செருமிக்கொண்டு, ரிஜிஸ்டர் ஆபீசில் படிக்கிற அதே குரலில் படித்தார். "மேற்படி தம்பி மாரிமுத்து பேரில் எனக்கு யாதொரு மனவருத்தமும் கிடையாது. அவனாவது, அவன் வாரிசுகளாவது எப்போது திரும்பி வந்தாலும், மேற்படி பாகத்தை எடுத்துக்கொண்டு சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது."

பெரியவர் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். "அப்டியா எழுதியிருக்கு ஐயா?"

"அப்டியே எழுதியிருக்குதுங்க."

நான் அவர் தோளுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அந்த நகலை அதற்கு முன்னால் நாலு தடவை படித்தவள் நான். அப்படி ஒரு வரி அதில் எங்கேயும் கிடையாது.

தாளை மடித்து மடியில் செருகிக்கொண்டு, என்னை ஒரு பார்வை பார்த்தார். வாயைத் திறந்தால் கொன்றுவிடுவேன் என்கிற பார்வை. நான் எதற்குத் திறக்கப் போகிறேன்? அந்தப் பெரியவர் அதற்கப்புறம் மூன்று மாதம் இருந்தார் என்று தனபாலன் எழுதினார். நான் செஞ்சியை விட்டு வந்து பல வருஷமாகிவிட்டது. போகும்போதெல்லாம் அந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே ஒரு நடை எட்டிப் பார்க்கிறேன். என் புருஷனுக்கு எழுந்திருக்காத நான், அவர் வந்தால் எழுந்து நிற்கிறேன்.