நெட்டையரை நான் முன்னுக்குக் கொண்டுவந்த கதை

எனக்குச் சந்தேகக் குணம் அதிகம். இதை நானே ஒப்புக்கொள்கிறேன். வேறு யாராவது சொன்னால், இவர் ஏன் இதைச் சொல்கிறார், இவரைத் தூண்டிவிட்டது யார் என்று யோசிப்பேன். கடைக்காரர் ஒரு முருங்கைக்காய் கூடப் போட்டுத் தந்தால் மற்றதெல்லாம் முற்றல் என்று நினைப்பேன். பக்கத்து வீட்டுக்காரர் கேட்காமலே எங்கள் வாசலில் பனி அள்ளிவிட்டால் (நல்ல மனுசன் தான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை) அவருக்கு எங்களிடம் என்ன தேவை என்று இரண்டு நாள் யன்னலால் பார்த்துக்கொண்டிருப்பேன். இந்தக் குணத்தால் நான் ஒரு நாளும் ஏமாந்ததில்லை என்று பெருமையடித்துத் திரிந்தேன். கடைசியில் இந்தக் குணமே என் மகளின் கலியாணத்தைக் கவிழ்க்கப் பார்த்தது. அதற்கு ஒரு அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலும் துணைக்கு வந்தது.

நாங்கள் இருப்பது கனடாவில், ஸ்காபரோவில். அமெரிக்காவில் எங்களுக்கு வாக்கு இல்லை. ஆனாலும் எங்கள் குசினியில் நடந்த சண்டையைக் கேட்டால், வெள்ளை மாளிகைச் சாவி எங்கள் அலுமாரிக்குள் இருக்கிறது என்றுதான் நினைப்பீர்கள். தேர்தலுக்கு இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் கிடந்தது. அதற்குள் இரண்டு பேர் முன்னுக்கு வந்திருந்தார்கள். அவர்களின் பெயரை இங்கே எழுத மாட்டேன், எழுதினால் உங்கள் வீட்டிலும் சண்டை வரும். எங்கள் வீட்டில் ஒருவருக்கு நெட்டையர், மற்றவருக்குக் கட்டையர் என்று பெயர்.

நான் கட்டையரின் ஆள். இவர், அதாவது என் கணவர், கருத்துக்கணிப்பில் யார் முன்னுக்கு நிற்கிறாரோ அவருடைய ஆள். (முப்பது வருசமாய் பஸ் ஓட்டுறவர். எந்தப் பக்கம் கனபேர் ஏறுகினமோ அந்தப் பக்கம்தான் சரியான பாதை எண்டு நினைச்சுப் பழகிப்போச்சு.) அந்த நாட்களில் நெட்டையர்தான் முன்னுக்கு நின்றார். இவர் காலையில் பல் தீட்ட முதல் போனைத் திறந்து கணிப்புப் பார்ப்பார்.

“நெட்டையர் இன்னும் ஏறிட்டார்.”

“ஆரைக் கேட்டு ஏறினவர்?”

“ஆயிரம் பேரைக் கேட்டிருக்கினம்.”

“அந்த ஆயிரத்தில ஒருத்தரையாவது உங்களுக்குத் தெரியுமோ? என்னைக் கேட்டவையோ? உங்கட தங்கச்சியைக் கேட்டவையோ?”

“அது விஞ்ஞானமப்பா. ரத்தம் சோதிக்கிறதெண்டால் உடம்பில இருக்கிற முழு ரத்தத்தையுமோ எடுக்கினம்?”

“ரத்தம் பொய் சொல்லாது. சனம் சொல்லும்” என்று சொல்லிவிட்டு அவருடைய தேத்தண்ணியை ஆறவிட்டேன்.

அந்த வருடம்தான் எங்கள் மகள் ஆரணி தனக்கு ஒருவரைப் பிடித்திருக்கிறது என்று சொன்னாள். பொடியனின் பெயர் கஜன். நல்ல வேலை, நல்ல பழக்கம், என்னை ‘அன்ரி’ என்று வாய் நிறையக் கூப்பிட்டான். சந்தேகப்பட ஒன்றுமே கிடைக்காதது எனக்குப் பெரிய சந்தேகமாக இருந்தது.

எங்கள் ஆட்களில் கலியாணப் பேச்சு என்றால் விசாரிப்பு என்று ஒன்று இருக்கிறது. சொந்த வீடோ, என்ன படிப்பு, வீட்டில் எத்தனை பேர், ஆம்பிளை குடிப்பாரோ என்று எல்லாம் தெரிய வேண்டும், ஆனால் நேரே கேட்கக் கூடாது. வேறு ஏதோ அலுவலாக வந்தது போல ஒரு மூன்றாம் ஆள் வந்து வாயைக் கிளறுவார். என்னைப் பற்றி அறிய இவர் வீட்டார் அந்தக் காலத்தில் அனுப்பிய ஆள், தையல் மெசின் விற்கிறவர் போல வந்தார். அம்மாவிடம் முழு விபரமும் எடுத்தார், இரண்டு தரம் கோப்பி குடித்தார், மெசினைக் காட்டாமலே போய்விட்டார்.

ஆரணிக்கு இதெல்லாம் தெரியும். அதனால் என்னை இருத்தி வைத்துச் சொன்னாள். “அம்மா, நோ விசாரிப்பு. ஓகே? கஜனும் தன்ர அம்மா அப்பாட்டைச் சொல்லிட்டான். ரெண்டு வீடும் நேர்ல சந்திச்சு நோர்மலாக் கதைக்கோணும். ப்ரொமிஸ் பண்ணுங்கோ. இது எனக்கு முக்கியம் அம்மா.”

நான் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். நான் விசாரிக்க மாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன். அவர்கள் விசாரிக்க மாட்டார்கள் என்று நம்புவதாகச் செய்யவில்லை.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டு நிற்கும்போது வீட்டுப் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

“வணக்கம். நாங்கள் ஒரு கருத்துக்கணிப்பு நிறுவனத்தில இருந்து கதைக்கிறம். அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலைப் பற்றிக் கனடாவில இருக்கிற தமிழ் ஆக்கள் என்ன நினைக்கினம் எண்டு கேட்டு எழுதுறம். பத்து நிமிசம் தருவீங்களோ அன்ரி?” ஒரு இளம் பெட்டையின் குரல்.

அன்ரி. நான் ‘ஹலோ’ என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். நான் அன்ரி என்று இவளுக்கு எப்படித் தெரியும்?

“எங்கட நம்பர் ஆர் தந்தது பிள்ளை?”

“கொம்பியூட்டர்தான் எடுத்துத் தாறது அன்ரி.”

தையல் மெசின் போய்க் கொம்பியூட்டர் வந்துவிட்டது என்று எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகி, கதிரையில் நிமிர்ந்து இருந்தேன். (உடுத்திருந்தது நைற்றி. செருக ஒண்டுமில்லை. ஆனால் மனசால செருகினனான்.)

“முதல்ல வீட்டைப் பற்றிச் சில கேள்வி. வீட்டில எத்தனை பேர் இருக்கிறீங்கள்?”

பார்த்தீர்களா? அமெரிக்க ஜனாதிபதிக்கும் எங்கள் வீட்டில் எத்தனை பேர் என்பதற்கும் என்ன சம்பந்தம்? பேஸ்மென்றில் வாடகைக்கு இருக்கும் மூன்று மாணவர்களை மறைத்து, “நாங்கள் மூண்டு பேர் மட்டும்தான். அமைதியான வீடு” என்றேன்.

“சொந்த வீடோ, வாடகையோ?”

“சொந்தம். பின்வளவில பூந்தோட்டம்.” (ரெண்டு தக்காளி, ஒரு கறிவேப்பிலைச் சட்டி.)

“வீட்டில ஆகக் கூடப் படிச்ச ஆளின்ர படிப்பு?”

ஆரணி கணக்காய்வு படித்தவள். கஜன் வீட்டாருக்கு அது தெரியும், ஆகவே இது இவரைப் பற்றிய கேள்வி. “அவர் எஞ்சினியர்” என்றேன். பஸ்ஸில் எஞ்சின் இருக்கிறதுதானே என்று என் மனச்சாட்சிக்குச் சொல்லி வைத்தேன்.

“கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ எவ்வளவுக்கு ஒருக்காப் போவீங்கள்?”

“கிழமைக்கு ரெண்டு தரம். பிள்ளை வீணையும் வாசிப்பாள். சமையலும் நல்லாச் செய்வாள்.”

“அன்ரி, அது கேள்வியில இல்லை.”

“இல்லாட்டிலும் எழுதும் பிள்ளை. கேக்கிறவை கேக்கட்டும்.”

அவள் மெயின் கேள்விக்கு வந்தாள். “உங்களுக்கு வாக்கு இருந்தால், இண்டைக்குத் தேர்தல் நடந்தால், ஆருக்குப் போடுவீங்கள்?”

இங்கேதான் நான் மூளையைப் பாவித்தேன். கஜனின் தகப்பன் குணம் அண்ணையின் படத்தை ஆரணி காட்டியிருந்தாள். கூரை வேலை செய்கிற கொம்பனி வைத்திருக்கிறவர், கதவு நிலையில் தலை முட்டுகிற உயரம். அவ்வளவு உயரமான மனுசன் கட்டையரை ஆதரிப்பாரா? சம்பந்தி வீட்டாருக்கு ஒத்துப்போகிற குடும்பம் என்று தெரியட்டுமே என்று, உள்ளுக்குள் கட்டையரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, “நெட்டையருக்குத்தான். எங்கட வீட்டில எல்லாருமே நெட்டையர்தான்” என்றேன். பிறகு அவள் கேட்ட சரியான பெயரையும் சொன்னேன்.

“நன்றி அன்ரி. சில நேரம் எங்கட சுப்பவைசர் திருப்பி எடுத்துச் சரி பார்ப்பா.”

சுப்பவைசர் என்றால் கஜனின் தாய்தான். “தாராளமா எடுக்கச் சொல்லும்” என்று போனை வைத்தேன். கத்தரிக்காய் எண்ணெயில் ஊறிக் கெட்டுப்போயிருந்தது. பரவாயில்லை, பரீட்சை பாஸ்.

மூன்று கிழமை கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரூஜ் பக்கத்தில் இருந்த கஜன் வீட்டுக்குப் போனோம். காரில் ஆரணி எங்கள் இருவரிடமும் தேர்தல் கதை வேண்டாம் என்று கெஞ்சினாள். இவர் ஓம் ஓம் என்றார். ஆனால் அவருடைய கோட்டுப் பைக்குள், தமிழ்க் கடை வாசலில் சும்மா எடுக்கிற கிழமைப் பத்திரிகை மடித்து இருந்ததை நான் கவனிக்கவில்லை. அவ்வளவு சந்தேகப்படுகிற எனக்கு, சந்தேகப்பட வேண்டிய ஒரேயொரு இடத்தில் கண் தெரியவில்லை.

குணம் அண்ணையும் அவர் மனைவி ரஞ்சி அக்காவும் வாசலுக்கே வந்து கூட்டிப் போனார்கள். ரோல்ஸ் வந்தது, வடை வந்தது, கதை நன்றாகவே போனது. இரண்டாவது ரோல்ஸ் கடிக்கும்போது இவர் பத்திரிகையை எடுத்து விரித்தார்.

“பாத்தீங்களோ குணம்? கனடாத் தமிழ் ஆக்களிட்டையும் நெட்டையர்தான் முன்னுக்காம். எங்கட ஆக்களையே போன் பண்ணிக் கேட்டிருக்கினம். விஞ்ஞானம்.”

குணம் அண்ணை ரோல்ஸைக் கோப்பையில் வைத்தார். “உது சுத்தப் பொய். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரும் உந்த நெட்டையருக்கு இல்லை. நான் கட்டையரின்ர ஆள்.”

இவ்வளவு உயரம் வைத்துக்கொண்டு கட்டையரா? பிறகு விளங்கியது. மனுசன் சோதிக்கிறார். போனில் நெட்டையர் என்று சொன்னவள் நேரில் மாறுகிறாளா என்று பார்க்கிறார்.

“இல்லை அண்ணை, நெட்டையர் நல்ல மனுசன். எங்கட வீட்டில எல்லாருக்கும் அவரைத்தான் விருப்பம்” என்றேன்.

இவர் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். ஆரணி, “அம்மா, நேற்றும் அவரை டீவில கண்டு ஏசினீங்களே” என்றாள்.

“கணிப்பைக் காட்டி மனுசரை மயக்கப் பாக்கினம்” என்று குணம் அண்ணை குரலை உயர்த்தினார். “நான் படிச்ச மனுசன்” என்று இவர் எழும்பினார். “எஞ்சினியர் சொல்லுறதைக் கொஞ்சம் கேளுங்கோ அண்ணை” என்று நான் இடையில் விழுந்தேன். “ஆர் எஞ்சினியர்?” என்று இவரும் குணம் அண்ணையும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

இதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. “அண்ணை, இன்னும் ஏன் சோதிக்கிறியள்? ஆள் வைச்சுப் போன் எடுத்து விசாரிச்சனீங்கள். நான் பிழையா நினைக்கேல்லை. பேஸ்மென்றைத் தவிர எல்லாம் விபரமாச் சொன்னனான் தானே” என்று கொட்டிவிட்டேன்.

“என்ன போன்?” என்றார் குணம் அண்ணை. நான் சொல்லச் சொல்ல, மூன்று பேர் மட்டும், பூந்தோட்டம், வீணை என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஆரணி தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். “நீங்கள் ப்ரொமிஸ் பண்ணினனீங்கள் அம்மா. இவையை ஒரு நாளாவது நம்பியிருக்கலாம்.”

அவள் சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். அவள் போடவில்லை. கோட்டை எடுக்க எழும்பினாள். என் பிள்ளை விரும்பிக் கேட்ட ஒரேயொரு விஷயத்தை நானே என் வாயால் கெடுத்துவிட்டேன் என்று அழுகை வந்தது, அழுதேன்.

அப்போதுதான் ரஞ்சி அக்கா புருசன் பக்கம் திரும்பினார். “இஞ்சேருங்கோ. அந்தச் சனிக்கிழமை எங்கட வீட்டுக்கும் ஒரு பெட்டை எடுத்தவள் எல்லே? நீங்கள் போனைக் கொண்டுபோய்க் கதவைச் சாத்திப்போட்டுக் கதைச்சனீங்கள்.”

குணம் அண்ணை கார்ப்பெற்றைப் பார்த்தார். அவ்வளவு உயரமான மனுசன் கதிரைக்குள் சுருங்குவதை அன்றைக்குத்தான் கண்டேன்.

“சொல்லுங்கோ அப்பா” என்றான் கஜன்.

“பொம்பிளை வீட்டுக்காரர் எண்டு நினைச்சிட்டன்” என்றார் குணம் அண்ணை. “வீட்டில ஒரு துளி குடி இல்லையெண்டு சொன்னனான்.” அவருக்குப் பின்னால் கண்ணாடி அலுமாரிக்குள் போத்தல்கள் வரிசையாக நின்றன. “அது கேள்வியில இல்லை அங்கிள் எண்டவள். நான் விடேல்லை. பொடியன் தேவாரம் பாடுவான் எண்டும் சொல்லிப்போட்டன்.”

“தேர்தலுக்கு என்ன சொன்னனீங்கள்?” என்று ரஞ்சி அக்கா கேட்டார்.

“பொம்பிளையின்ர தகப்பன் ஒவ்வொரு நாளும் கணிப்புப் பாக்கிறவர் எண்டு கஜன் சொன்னவன். அப்ப முன்னுக்கு நிக்கிற ஆளைத்தானே விரும்புவர் எண்டு நினைச்சு நெட்டையர் எண்டு சொன்னன்.”

எல்லோரும் திரும்பி இவர் கையில் இருந்த பத்திரிகையைப் பார்த்தோம். இவரும் பார்த்தார். விஞ்ஞானம் என்று சொன்ன மனுசன் அதை நாலாய் மடித்து, எட்டாய் மடித்து, ரோல்ஸ் கோப்பைக்குக் கீழே வைத்தார். முதலில் சிரித்தது ஆரணிதான். அழுதுகொண்டே சிரித்தாள், கையில் எடுத்த கோட்டைத் திரும்பக் கதிரையில் போட்டாள். “ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பொய் சொல்லியிருக்குது. இதுக்கு மேல என்ன பொருத்தம் பாக்கிறது” என்று ரஞ்சி அக்கா சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் ஆரணியிடம் மன்னிப்புக் கேட்டேன். “அடுத்த முறை சந்தேகம் வந்தால் முதல்ல என்னைக் கேளுங்கோ” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அன்றிலிருந்து கேட்கிறேன். (பத்துக்கு ஒன்பது தரம்.)

கலியாணம் நடந்தது. வீணை இல்லை, தேவாரம் ஐயர் பாடினார். நெட்டையரோ சில மாதங்களில் கணிப்பில் சரிந்து போட்டியை விட்டே விலகிவிட்டார். அவர் பாவம், ஸ்காபரோவில் தனக்கு இருந்த ஆதரவின் கதை அவருக்குத் தெரியாது.

இப்போதும் ஒவ்வொரு தேர்தல் தொடக்கத்திலும் யாராவது திடீரென்று கணிப்பில் முன்னுக்கு வந்தால் குணம் அண்ணை உடனே எனக்குப் போன் எடுப்பார். நான் எடுத்ததும் வணக்கம்கூடச் சொல்ல மாட்டார்.

“வசந்தி, எங்கையோ கனபேர் கலியாணம் பேசுகினம் போல கிடக்கு” என்பார்.