சாதிக் பாய் வீட்டைப் படம் பிடித்த கதை

கையில் மைக் கொடுத்தால் என் தரம் இறங்கிவிடும். இதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். மைக் இல்லாத நேரங்களில் நான் செஞ்சியில் வீடு கட்டிக் கொடுக்கும், ஓரளவு மரியாதை தெரிந்த இன்ஜினியர்தான்.

எங்கள் கட்டடப் பொறியாளர் சங்கத்துக்கு வருடா வருடம் மாநாடு உண்டு. விழுப்புரத்திலோ புதுச்சேரியிலோ நடக்கும். நான் தவறாமல் போவேன். (அறிவு வளர்ச்சிக்கு என்று வீட்டில் சொல்வேன். துணிப்பை, டைரி, மதியச் சாப்பாடு என்பதுதான் உண்மை.) அந்த வருடம் வெளியூர்க்காரர்களுக்குக் கோட்டை ஏறிப் பார்க்கும் ஆசை வந்துவிட்டதால் மாநாட்டைச் செஞ்சியிலேயே, பஜார் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். உள்ளூர்க்காரன் ஒருவனாவது பேசினால்தான் அழகு என்று எனக்கு இருபது நிமிடம் ஒதுக்கினார்கள். அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு.

காலையில் ராஜகிரி மலையை ஏறி இறங்கி, மதியம் இரண்டு தடவை பாயசம் வாங்கிச் சாப்பிட்டவர்களை எப்படி விழித்திருக்க வைப்பது? சிரிக்க வைத்தால்தான் ஆயிற்று என்று முடிவு செய்தேன். அடுத்து இணைச் செயலாளர் பதவிக்கு நிற்கும் நினைப்பும் இருந்தது. என் பேச்சுக்கு 'இப்படியும் கட்டுகிறார்கள்' என்று தலைப்பு வைத்துவிட்டு, படத்துக்கு ஒரு வீட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம்தான் சாதிக் பாய் கூப்பிட்டார். பஜாரில் மெத்தைக் கடை வைத்திருப்பவர். வீட்டுச் சுவரில் ஈரம் ஊறி ஓதம் ஏறுகிறது, ஒரு நடை வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். போனேன். ஓதத்தைப் பார்த்தேனோ இல்லையோ, மற்றதையெல்லாம் பார்த்துவிட்டேன். மாடிப்படியில் ஏழாவது படி வந்ததும் பீம் நெற்றியில் இடித்தது. கூடத்து ஜன்னலைத் திறந்தால் காற்றுக்குப் பதில் பக்கத்து அறைக் கட்டில் தெரிந்தது. மாடியில் ஒரு கதவு. திறந்தால் பால்கனி இல்லை, படி இல்லை, நேராக ஆகாயம்.

எனக்குப் புதையல் கிடைத்த மாதிரி இருந்தது. போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தேன். எதற்கு சார் என்று பாய் கேட்டார். "மாநாட்டுல காட்டப் போறேன் பாய்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்ததே, அதை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. கொஞ்சம் இருங்கள் என்று சொல்லி மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மா ஓடி வந்து ஜன்னலில் காய்ந்த துணிகளை எடுத்தார். படிகளைத் துடைத்தார். கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டார். அந்த இடத்திலாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. வெளிச்சம் நன்றாக விழுகிறது, இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்றுதான் சொன்னேன். (இவர்கள் எங்கே மாநாட்டுக்கு வரப்போகிறார்கள் என்ற தைரியம்.)

மாநாட்டன்று திரையில் படம் தெரிவதற்காக விளக்குகளை அணைத்தார்கள். படிக்கட்டு வந்தது. வீட்டுக்காரருக்கு உயரமான சொந்தக்காரர்களைப் பிடிக்காது போலிருக்கிறது என்றேன். சிரித்தார்கள். ஜன்னல் வந்தது. மாமியார் கேட்டு வாங்கிய ஜன்னலாக இருக்கும் என்றேன். மேஜையைத் தட்டினார்கள். ஆகாயக் கதவு வந்தது. போக மனசில்லாத விருந்தாளிகளை வழியனுப்ப இந்த வாசல் என்றேன். மண்டபமே அதிர்ந்தது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து, பக்கத்தில் இருப்பவரிடம் என்ன சொன்னார் என்று கேட்டுச் சிரித்தார்கள். இணைச் செயலாளர் என்ன, செயலாளர் பதவிக்கே நிற்கலாம் என்று தோன்றியது.

விளக்கைப் போட்டார்கள்.

நாலாவது வரிசையில் சாதிக் பாய் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பக்கத்தில் புதுப் புடவையில் மனைவி. அடுத்து, போன மாதம் கல்யாணமான மகள், திண்டிவனத்து மருமகன், சம்பந்தி. எல்லாரையும் அழைத்து வந்திருந்தார். மகள் நான் பேசுவதை வீடியோ எடுக்கத் தூக்கிய போனை இன்னும் இறக்கவில்லை. எடுக்கிறோம் என்பதே மறந்துவிட்டது போலிருந்தது.

மேடையில் தலைமை வகித்த பெரியவருக்கு இதெல்லாம் தெரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டே, இந்த அதிசய வீடு எந்த ஊரில் இருக்கிறது, போய்ப் பார்க்கலாமே என்று மைக்கில் கேட்டார். பெயரெல்லாம் வேண்டாம் சார் என்று நான் முனகினேன்.

பாய் எழுந்து நின்றார். மாநாட்டில் யார் எழுந்து நின்றாலும் மைக் கொடுப்பது எங்கள் வழக்கம். அவரிடமும் கொடுத்துவிட்டார்கள்.

"இந்த ஊருதான் சார். என் வூடுதான்" என்றார். "கீழ ரூமு கட்டும்போது மேல ரூமு வரும்னு தெரியாது சார். அந்த ஜன்னல் மொதல்ல தெருவ பாத்துதான் இருந்திச்சி. பொண்ணு படிக்கிறதுக்குத் தனியா ரூமு கேட்டுச்சி, அங்கதான் எடம் இருந்திச்சி. பால்கனி இன்னும் போடல. சார் படம் புடிச்சப்ப, வூடு நல்லா இருக்குதுன்னுதான் புடிக்கிறாருன்னு நெனச்சிக்கினோம்."

நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். யாரும் சிரிக்கவில்லை. கைதட்டவும் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் தவித்த நிகழ்ச்சி அமைப்பாளர், அடுத்து பட்டியலில் என்ன இருந்ததோ அதைச் செய்தார். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்.

அப்போதாவது நான் சும்மா இருந்திருக்கலாம். பொன்னாடையோடு மேடையிலிருந்து இறங்கி நேராக நாலாவது வரிசைக்குப் போனேன். அதை எடுத்து பாய் தோளில் போடப்போனேன். பெருந்தன்மையாகத் தெரியும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. அவர் என் கையைப் பிடித்துத் தணிந்த குரலில் சொன்னார்:

"வேணாம் சார். இதையும் போட்டோ எடுப்பாங்க."

ஐந்து பேரும் எழுந்து வெளியே போனார்கள். நான் பொன்னாடையைக் கையில் சுருட்டிக்கொண்டு, துணிக்கடையில் விலை கேட்டுவிட்டு வாங்க முடியாதவன் மாதிரி நின்றேன்.

நான் வீடு போய்ச் சேர்வதற்குள் என் மனைவிக்குக் காய்கறிக் கடையில் விஷயம் கிடைத்துவிட்டது. சாயங்காலக் காப்பி வரவில்லை. மறுநாள் காலை பாய் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார்கள். டீ கொடுத்தார்கள். திட்டியிருந்தால் எழுந்து வந்திருப்பேன். நான் ஏதேதோ மன்னிப்புச் சொல்லி முடித்ததும், பாயின் மனைவி டம்ளரை வாங்கிக்கொண்டே, "கல்யாணத்துக்கு எடுத்த பொடவைய கட்டிக்கினு வந்தோம் சார்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

படிக்கட்டை இடித்து மாற்றித் தருகிறேன், கூலிகூட வேண்டாம் என்றேன். பாய் யோசித்துவிட்டு, "படி இருக்கட்டும் சார். ஓதத்துக்குத்தான கூப்ட்டேன், அத பாருங்க" என்றார். அதை நான் சுத்தமாக மறந்துபோயிருந்தேன். நாலு நாள் நானே நின்று ஓதத்தைச் சரிசெய்தேன். போகவர ஏழாவது படியில் தினமும் இடித்துக்கொண்டேன். யாரும் முன்கூட்டி எச்சரிக்கவில்லை. (எச்சரிக்க வேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இல்லை.)

இணைச் செயலாளர் தேர்தலில் நான் நிற்கவில்லை. வீட்டில் தோசை கோணலாக வந்தால், "இருங்க, போட்டோ எடுத்துக்குங்க, மாநாட்டுக்கு ஆவும்" என்கிறாள் மனைவி. பிள்ளைகள் கணக்கில் குறைந்த மார்க் வாங்கினாலும் அதையே சொல்லித் தப்பிக்கிறார்கள்.

செஞ்சியிலோ, சிங்கவரம் பக்கமோ யாராவது வீடு பார்க்கக் கூப்பிட்டால், நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "சார், அந்த போனையும் இப்படியே வெச்சிட்டு வாங்க" என்கிறார்கள்.

வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.