யானைக்குக் கண் வைத்தவர்

அந்த யானைக்குக் கண் வைத்தது எங்கள் தொழிற்சாலை குவார்ட்டர்ஸ் நலச்சங்கத்தின் பழைய செயலாளர். பூங்காத் தோட்டக்காரர் ஜூக்காரர் அல்ல. போன மாதம் பழைய குவார்ட்டர்ஸ்காரர்கள் எல்லாரும் கூடிச் சாப்பிட்டோம். அங்கே செயலாளர் மைக்கைப் பிடித்து, "நம்ம பார்க்ல ஒரு தோட்டக்காரன் இருந்தானே, செடிக்குக் கண்ணு வெச்சு சூனியம் பண்ணினவன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சொன்னது பொய். அதனால் எழுதுகிறேன்.

ஆவடி, அம்பத்தூர் வட்டாரத்தில் செடியை மிரட்டியே மிருகமாக்கிய ஒரே மனிதர் ஜூக்காரர். எண்பதுகளின் கடைசியில் எங்கள் பூங்காவைப் பார்த்துக்கொள்ள வந்தார். கள்ளிக்குப்பத்திலிருந்து சைக்கிளில் வருவார். கேரியரில் கம்பிச் சுருள், ஹேண்டில்பாரில் முழங்கை நீளக் கத்திரி. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். ஜூக்காரரே என்றால்தான் பார்ப்பார்.

முதலில் கம்பியில் மிருகத்தின் கூடு கட்டுவார். ஒவ்வொரு காலுக்கும் ஒரு சவுக்குக் கன்று நடுவார். கன்றுகள் வளர்ந்து கூட்டை நிரப்பியதும், வெளியே நீட்டுவதை வெட்டிக்கொண்டே இருப்பார். மான், ஒட்டகம், கரடி, எல்லாவற்றையும்விடப் பெரிதாக ஒரு யானை என்று ஒரு ஜூவே நின்றது. வெட்டும்போது வாய் சும்மா இருக்காது.

"இன்னாடா, நேத்து வெட்டின காது இன்னிக்கி தொங்குது? கொழுப்பா? அந்த ஒட்டகத்த பாரு, கம்னு நிக்கிது. அதுவும் உன்கூட வந்ததுதானே?"

எப்போதும் வால் பக்கத்திலிருந்துதான் ஆரம்பிப்பார். அதற்கு முன் முதுகில் ஒரு தட்டு தட்டுவார். ஏன் என்று கேட்டேன்.

"முன்னாடி போய் கத்திரிய நீட்னா மெரளாதா? உன் மூஞ்சாண்ட நீட்னா நீ இன்னா பண்ணுவே?"

மற்ற பூங்காக்களில் இப்படிப்பட்ட மிருகங்களுக்குக் கோலிக்குண்டோ சிவப்பு பல்போ வைத்துக் கண் ஆக்குவார்கள். ஜூக்காரர் எதற்கும் கண் வைத்ததில்லை.

"கண்ணு வெச்சா பாக்கும் நைனா. நான் கத்திரி எடுத்துகினு வரத பாத்துகினே நிக்கணும். ஓடவும் முடியாது. பாவம் இல்ல?"

கேட்டுவிட்டுச் சிரித்தோம். ஆனால் மார்கழிப் பனியில் முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் யாரும் பூங்கா வழியாகத் தனியாகப் போனதில்லை. சவுக்குக்குள் காற்று புகுந்தால் மூச்சு விடுவதுபோல ஒரு சத்தம் வரும். வெள்ளைப் பனிக்குள் பெரிய பெரிய உருவங்கள். முகம் இருக்கும், கண் இருக்காது, மூச்சு மட்டும் வரும். ஒரு டர்னர் ஒட்டகத்துக்கு குட்மார்னிங் சொல்லிவிட்டுத்தான் தாண்டுவார். பக்கத்து பிளாக் ஜெசிந்தா டீச்சர் சிலுவை போட்டுக்கொண்டே ஓடுவார்.

ஒரு மழைக்காலம் முழுக்க ஜூக்காரர் மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டார். மானுக்கு உடம்பெல்லாம் மயிர் முளைத்து ஓநாய் ஆகிவிட்டது. கரடிக்குத் தோளில் இன்னொரு தலை கிளம்பியது. தாய்மார்கள் பிள்ளைகளை அந்தப் பக்கமே விடவில்லை. ஜூக்காரர் திரும்பி வந்து இடுப்பில் கை வைத்து நின்றார்.

"நான் ஒருத்தன் இல்லன்னா ஒடனே ரவுடி ஆயிடுவீங்களா?"

மறுநாள் ஓநாய் மறுபடி மான்.

அப்புறம்தான் அந்த ஆயுத பூஜை வந்தது. தொழிற்சாலைக்காரர்களுக்கு அன்று பொட்டு வைக்காமல் விட ஒரு பொருள் கிடையாது. லேத், சைக்கிள், மிக்ஸி, தண்ணீர் மோட்டார், சங்கத்து கேரம்போர்டு, எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். அந்த வருடம் செயலாளருக்குப் பக்தி முற்றிவிட்டது. பூங்காவும் சங்கத்துச் சொத்துதானே என்று யானைக்குப் பூஜை போடக் கிளம்பினார். ஜூக்காரர் அன்று லீவு. நேர்த்திக்கடனுக்குக் கோயில் வாசலில் விற்பார்களே, தகட்டில் செய்த கண்மலர், அதில் ஒரு பெரிய ஜோடி வாங்கிவந்து ஏணியில் ஏறித் தன் கையாலேயே யானை முகத்தில் கட்டினார். தேங்காய் உடைத்தார். கற்பூரம் காட்டினார். நான் பக்கத்தில் நின்று பொரி தின்றுகொண்டிருந்தேன். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

மறுநாள் காலை ஜூக்காரர் வந்தார். பார்த்தார். சைக்கிளைப் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். செயலாளர் பெருமையாகக் கிட்டே வந்தார்.

"எப்படி இருக்கு? நான்தான் வெச்சேன்."

"பாக்குது சார்."

"அதானேய்யா அழகு."

"உன்னத்தான் பாக்குது."

செயலாளரின் வீடு யானைக்கு நேர் எதிரே. சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனவர் சாயங்காலம் ஜன்னலைச் சாத்தினார். அவர் மனைவி அந்தப் பக்கம் துணி உலர்த்துவதை விட்டுவிட்டார். மழை பெய்து இலை கனத்தால் யானையின் தலை மெல்லத் தாழும். வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்று குனிந்து பார்ப்பதுபோல இருக்கும். வெயில் அடித்தால் தகடு மின்னும். எங்கே நின்றாலும் நம்மையே பார்க்கும். "என்னை இல்லைங்க, உங்களைத்தான்" என்று ஜெசிந்தா டீச்சர் செயலாளரிடமே சொல்லிவிட்டார்.

"கழட்டித் தொலைய்யா" என்றார் செயலாளர்.

"கற்பூரம் காட்டி தொறந்த கண்ண நான் புடுங்கறதா? நீயே வா சார். ஏணிய புடிச்சிக்கிறேன்."

செயலாளர் ஏணியில் ஒரு கால் வைத்தார். காற்று அடித்தது. யானை மூச்சு விட்டது. காலை எடுத்துவிட்டார்.

ஜூக்காரர் அதற்கப்புறம் யானை மேல் கத்திரி வைக்கவில்லை. அது பார்த்துக்கொண்டு இருக்கும்போது எப்படி வெட்டுவது என்றார். யானை சடை சடையாக வளர்ந்தது. தும்பிக்கை இருந்த இடம் தெரியவில்லை. அந்தப் புதருக்குள்ளிருந்து இரண்டு கண் மட்டும் பளபளத்தது. செயலாளரின் வீட்டில் யாருக்கோ காய்ச்சல் வந்தது. உடனே, தோட்டக்காரன் சூனியம் வைத்துவிட்டான் என்று கிளப்பிவிட்டார். வேலையை விட்டு நிறுத்தினார். யானையை வெட்டிப்போட ஆள் சொன்னார். ஜூக்காரர் சண்டை போடவில்லை. ஒன்றுதான் கேட்டார்.

"என்ன தொரத்து சார். அது இன்னா பண்ணிச்சி?"

வெட்டுகிற ஆட்கள் அரிவாளோடு வந்த காலையில் யானை இல்லை. கால்கள் இருந்த இடத்தில் நான்கு குழிகள், அதில் மழைத்தண்ணீர். அங்கிருந்து கேட் வரைக்கும் சவுக்கு இலை சிந்திக் கிடந்தது. "கேட்டு பூட்டியேதான் சார் இருந்திச்சி. யானை போனா எனக்குத் தெரியாதா?" என்றார் வாட்ச்மேன். செயலாளர் குழியைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார், அந்த மாதமே வேறு பிளாக்குக்கு வீடு மாற்றிக்கொண்டு போனார்.

சில வருடம் கழித்து ஒரு வேலையாகக் கள்ளிக்குப்பம் போனேன். ஒரு ஓட்டு வீட்டின் பின்னால், வேலிக்கு மேலே, தும்பிக்கை தெரிந்தது. போய்ப் பார்த்தேன். அதே யானை. காது மழமழவென்று இருந்தது. ஒரு பின்னங்கால் மட்டும் பட்டுப்போய்விட்டது. அதற்கு முட்டாக ஒரு சவுக்குக் கட்டை நின்றது. கண்மலர் மேலே ஒரு பச்சைத் துண்டு, கண்ணுக்குக் கட்டுப் போட்டதுபோல இறுக்கிக் கட்டியிருந்தது. ஜூக்காரர் வால் பக்கம் நின்று வெட்டிக்கொண்டிருந்தார்.

"எப்படி இதைக் கொண்டுவந்தீங்க?"

"நான் இன்னா கொண்ணாறது? நடந்து வந்திச்சி." முகத்தில் சிரிப்பே இல்லை.

ஊர்க்கதை பேச ஆரம்பித்தேன். அவர் கத்திரியை நிறுத்தவில்லை.

"இரு நைனா, இத முடிச்சிட்டு வரேன். துண்ட அவுக்கணும். எவ்ளோ நேரம் அது இருட்லயே நிக்கும்?"

ஜூக்காரர் இப்போது இல்லை. வந்து பதில் பேச முடியாது. செயலாளர் அவர்களே, ஒரு செடி இருட்டில் நிற்கிறதே என்று அவசரப்பட்ட மனிதரைத்தான் சூனியக்காரன் என்றீர்கள். அடுத்த கூட்டத்தில், அதே மைக்கில், எல்லார் முன்னாலும் சொல்லுங்கள். அந்த யானைக்குக் கண் வைத்தது யார்?